இடது தாடைக் கல்

சாப்பிட உட்கார்ந்தால் இடது தாடைக்குக் கீழே வீங்கும். முதல் வாய் உள்ளே போகும்போதே இழுத்துப் பிடிக்கும். புளிக்குழம்பு என்றால் இன்னும் மோசம். கை கழுவி ஒரு மணி நேரம் ஆனால் தானாக வடிந்துவிடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வடிகிற வீக்கத்துக்கு என்ன வைத்தியம் என்று இருந்துவிட்டேன்.

அப்போது எங்கள் ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. போர்வெல் போடுகிற வண்டி. நான் அதில் டிரில்லர். பதினெட்டு வருஷ வேலை. ஏழாவதோடு என் படிப்பு நின்றது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் படிப்பு நின்றவன் தறிக்குப் போவான், இல்லாவிட்டால் ரிக்குக்குப் போவான். என்னை ரிக்குக்கு அழைத்துப் போனவர் மச்சான். என் அக்காவின் வீட்டுக்காரர். அவர் பத்தாவது பாஸ். வண்டியில் அவர்தான் மேனேஜர்.

ரிக்கில் ஒரு முறை உண்டு. பேசுகிற வேலை மேனேஜருடையது. தோட்டக்காரர், ஏஜெண்ட், ஓனர், எல்லோரிடமும் அவர்தான் பேசுவார். டிரில்லர் லீவரைப் பிடிப்பதோடு சரி. எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று தோட்டக்காரர் என்னைக் கேட்டால் மச்சானைக் கை காட்டுவேன். ஹிந்தியில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் அதே கைதான். எனக்கு அது வசதியாக இருந்தது. பேச்சு எனக்கு வராது.

என் வாய்க்கு இருந்த ஒரே வேலை விசில். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. உதட்டைக் குவித்து நாக்கை மடித்து அடித்தால் கேட்கும். ஒரு விசில் என்றால் ராடு ஏற்று. இரண்டு என்றால் நிறுத்து. நீளமாக ஒன்று என்றால் எல்லோரும் விலகுங்கள். துளைக்குள் இறங்குகிற இரும்பு ராடை மாட்டும் ஆட்களின் கையும் விரலும் அந்த விசிலை நம்பித்தான் இருந்தன.

வீக்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் சமையல்காரர்.

"ஏனுங்க டிரில்லரே, கன்னத்துல கொழக்கட்டய ஒளிச்சு வெச்சிருக்கறீங்களா? கேட்டா நான் இன்னொண்ணு போடமாட்டனா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"பொன்னுக்கு வீங்கிடோய்! தள்ளி உக்காருங்க, ஒட்டிக்கும்!"

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மச்சான் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"தங்கம் மேல பட்டாத் தானா வடிஞ்சிரும் மாப்ள. கழட்டாத."

"கிரீஸ் ஆயிருமுங்க மச்சான்."

"ஆனா ஆயிட்டுப் போவுது."

பத்து நாள் அது என் கழுத்தில் கிடந்தது. கிரீஸ் படிந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படவும் இல்லை. என் கூடவே சாப்பிட்டார். இதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

வீக்கம் முன்னைப் போலத் தானாக வடியவும் இல்லை. பிறகு காய்ச்சல் வந்தது. நாக்குக்கு அடியில் கசப்பாக ஏதோ ஊறியது. தை மாதம் வண்டி சர்வீசுக்கு ஊர் திரும்பியதும் மச்சான் என்னை சேலத்துக்குக் கூட்டிப்போனார். காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர்.

போகிற வழியில் பஸ்ஸில் சொன்னேன்.

"மச்சான், கத்தி மட்டும் வேண்டாமுங்க. வாயில ஏதாச்சும் ஆச்சுன்னா விசில் போயிரும். விசில் போனா லீவர் போயிரும்."

"நான் இருக்கறன்ல. நீ கம்முனு வா."

டாக்டர் நாக்குக்கு அடியில் விரலை விட்டு அமுக்கிப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில் வெள்ளையாக ஒன்று இருந்தது. அவரை விதை அளவு.

"எச்சில் சுரப்பியில கல்லுங்க. சாப்பிடும்போது எச்சில் ஊறும். அது வெளிய வர்ற குழாயில கல்லு அடைச்சுக்கிட்டு நிக்குது. போக வழியில்லாம வீங்குது. பொன்னுக்கு வீங்கியெல்லாம் இல்ல."

வாய்க்குள் கல் இருக்கும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"இதுக்கு ரெண்டு வழி இருக்குங்க," என்று டாக்டர் ஆரம்பித்தார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ போயி ரத்த டெஸ்ட்டக் குடுத்துட்டு வந்துரு. அங்க கூட்டமாயிரும். நான் கேட்டுக்கறேன்."

எழுந்து போனேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. பதினெட்டு வருஷமாக யாராவது எங்களிடம் பேச வந்தால் நான் வண்டிப் பக்கம் போவேன், அவர் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். பேச்சு என் வாயைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோது மச்சான் வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். தோளில் கை வைத்தார்.

"சுரப்பி அழுகிப்போச்சாம் மாப்ள. எடுத்தே ஆகோணுமாம். உட்டா வேற நோவா மாறிருமாம்."

"வேற நோவுன்னா?"

"அதான், பேரு சொல்லாத நோவு."

டீயை வைத்துவிட்டேன்.

"வேற வழி ஏதுமில்லீங்களா? ரெண்டு வழின்னாரே?"

"இருந்தாச் சொல்லமாட்டனா? அந்த இன்னொண்ணு உனக்கு ஒத்துவராதாம். புதன்கெழம வரச் சொல்லியிருக்கறாரு. பத்தே நாளு. அப்பறம் நீ பாட்டுக்கு லீவரப் புடி."

புதன்கிழமை போனோம். என் வீட்டுக்காரியும் வந்தாள். ஒரு தாளை நீட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது. கீழ் உதட்டுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தில்தான் ஓடுகிறது, கொஞ்ச நாள் உதடு கோணலாக இருக்கலாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார்.

"எல்லாம் சொன்னாங்களா? புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க," என்றேன். ஒன்றும் புரியவில்லை. செத்துப்போவேனோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

தாடைக்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி, கழுத்தில் அறுத்தார்கள். சுரப்பியையும் கல்லையும் சேர்த்து எடுத்தார்கள். விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய் தொங்கியது. ரத்தம் வடிவதற்கு. சுரப்பியை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டு வீட்டுக்காரி கையில் கொடுத்தார்கள். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

மூன்றாம் நாள் வீட்டில் தண்ணீர் குடித்தேன். இடது ஓரத்தில் ஒழுகிச் சட்டை நனைந்தது. "எங்க, சிரிங்க பாக்கலாம்," என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கீழ் உதடு ஒரு பக்கம் இறங்கியது, மறு பக்கம் அசையாமல் நின்றது.

டெஸ்ட்டில் கெட்ட நோய் எதுவும் இல்லை என்று வந்தது. மச்சான்தான் போனில் படித்துச் சொன்னார். நல்ல சேதி என்று சந்தோஷப்பட்டேன்.

பதினாலாம் நாள் வண்டி கிளம்பியது. நானும் ஏறினேன்.

ஆந்திராவில் ஒரு தோட்டத்தில் முதல் பாயிண்ட். கம்ப்ரசரைப் போட்டார்கள். நான் உதட்டைக் குவித்தேன். இடது பக்கம் குவியவில்லை. நாக்கை மடித்து அடித்தேன். காற்றுத்தான் வந்தது. ஆட்கள் ராடைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றார்கள். இன்னொரு தரம் அடித்தேன். அதுவும் காற்று. கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து ராடு பெட்டியில் தட்டினேன்.

ஒருவன் கத்தினான். "டிரில்லரே, கோயில் மணியாட்டம் இருக்குது! தேங்கா ஒடைக்கறதுங்களா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வந்த மட்டும்.

"வந்துரும் மாப்ள," என்றார் மச்சான். "ஆறு மாசம் ஆவும்னு சொல்லியிருக்கறாங்க. அதுவரைக்கும் தட்டு."

ஒரு மாதம் தட்டினேன். ஒரு நாள் மதியம், நிறுத்துவதற்கு இரண்டு தட்டுத் தட்டினேன். ராடு பக்கம் நின்றவனுக்கு ஒன்றுதான் கேட்டிருக்கிறது. கையை வைத்தான். சுண்டுவிரல் நகம் பிய்ந்து போனது. விரல் தப்பியது. அவன் என்னைத் திட்டவில்லை. கையை உதறிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் லீவருக்கு வேறு ஆள் வந்தான்.

"ஓனரு சொல்லீட்டாரு மாப்ள, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மச்சான்.

நான் கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றினேன். ராடுக்குக் கிரீஸ் வைத்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்து இறங்கிய நாளில் என்ன வேலை செய்தேனோ அந்த வேலை. மச்சான் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் ஊருக்கு வந்தோம். ஒரு நாள் மாங்காய் தின்றபோது வலது பக்கம் இழுத்தது. கையை வைத்துப் பார்த்தேன். வீக்கம். அதே மாதிரி.

மச்சானிடம் சொல்லவில்லை. அவர் பட்டறையில் வண்டி வேலையாக இருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை, வேறு காரணம் இல்லை. வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன்.

அவர் பழைய பைலை எடுத்து வைத்துக்கொண்டார். அமுக்கிப் பார்த்தார்.

"வலது பக்கமும் கல்லுதாங்க. சின்னது. இந்தத் தடவையாச்சும் கோயமுத்தூரு போறீங்களா?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? போன தடவையே லெட்டர் எழுதிக் குடுத்தேனே. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"நான் வேண்டாம்னனுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் பைலைப் புரட்டினார். விரலை வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாக்குக்கு அடியில எச்சில் வர்ற துவாரம் இருக்கு. அது வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு, கேமரால பாத்துக்கிட்டே கல்ல எடுப்பாங்க. பெரிய கல்லா இருந்தா லேசர்ல ஒடைப்பாங்க. கழுத்துல அறுக்க வேண்டியதில்ல. சுரப்பியும் அப்படியே இருக்கும். எங்ககிட்ட அந்த மிஷின் இல்ல, அதனால கோயமுத்தூருக்கு எழுதினேன். மூணு வாரம் காத்திருக்கணும், ரெண்டு தடவகூட போக வேண்டி வரலாம்னு சொன்னேன். உங்க மச்சான், அவ்வளவு நாள் லீவு கெடைக்காது, நீங்களே இங்க எடுத்துருங்கன்னு சொன்னாரு. நீங்களும் அதத்தான் விரும்பறீங்கன்னாரு."

"சுரப்பி அழுகிப்போச்சுன்னு சொன்னீங்களாமே?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"வேற நோவா மாறிரும்னு?"

அவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடி வைத்தார். "உங்கள உக்கார வெச்சு நான் கேட்டிருக்கணும். புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுதுன்னீங்க."

எழுந்துகொண்டேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி என்னென்னவோ சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை. கர்நாடகத்தில் ஒரு தோட்டம் ஞாபகம் வந்தது. எழுநூறு அடி போயிருந்தோம். வெறும் வெள்ளைப் புழுதி. ஈரம் துளி இல்லை. கீழே ஒன்றும் இல்லை என்று லீவரில் எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். தோட்டக்காரர் போதும் நிறுத்துங்கள் என்றார். எங்களுக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு. மச்சான் அவர் தோளில் கை வைத்தார். "இன்னும் நூறு அடியில தண்ணி இருக்குது, இல்லாட்டி நான் சொல்லமாட்டனா?" என்று அவர் பாஷையில் சொன்னார். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தார். நான் மச்சானைக் கை காட்டினேன். அந்தக் குரலை எத்தனை தோட்டத்தில் கேட்டிருப்பேன். டீக்கடையில் அதே குரல்தான் என்னிடம் பேசியது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. என்ன, மொகம் ஒரு தினுசா இருக்குது?"

"கோயமுத்தூருக்கு எழுதுன கடுதாசி எங்கீங்க மச்சான்?"

"எந்தக் கடுதாசி?"

அவர் துணியைப் பிழிந்தார். இன்னொரு தரம் பிழிந்தார்.

"அட, அதா. அது சும்மா மாப்ள. டாக்டருங்க அப்பிடித்தான், ஆளுக்கு ஒரு லெட்டரு எழுதித் தள்ளுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா நீ கோயமுத்தூருதான் போவேன்னு நிப்ப."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. குரலை இறக்கினார்.

"ஓனரு கழுத்துல கத்திய வெச்சாரு மாப்ள. பாஞ்சு நாள்ல வண்டி கெளம்பலீன்னா மேனேஜரு வேலைக்கு வேற ஆளுன்னுட்டாரு. நீ இல்லாம எப்பிடிக் கெளம்பறது? என்ற குடும்பம் உன்ற அக்கா குடும்பமில்லியா?"

"நோவுன்னு சொன்னீங்களே."

"பயமுறுத்தலீன்னா நீ படுப்பியா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இப்ப என்னங்கற?" என்றார். "உசுரோடதான இருக்கற? விசில் வரலீன்னா உலகம் அழிஞ்சிருமா?"

அக்கா டீயோடு வந்தாள். "என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? பொண்டாட்டிக்குத் தெரியாமப் பேசற விசயமா?"

"ரிக்கு விசயம்," என்றார் மச்சான்.

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லலாம். சொன்னால் அந்த வீட்டில் சோறு இறங்காது. அக்காவுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள்.

"ஆமாக்கா, ரிக்கு விசயந்தான்," என்றேன். டீயைக் குடித்தேன். இடது ஓரத்தில் ஒழுகியது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள். மச்சான் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நானும் வீட்டுக்காரியும் கோயமுத்தூர் போனோம். வயசு குறைந்த ஒரு அம்மா, டாக்டர். அவர் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாம் தரமும் கேட்டேன். கோபிக்கவில்லை. தாளில் படம் போட்டுக் காட்டினார். நாக்கு, அதன் அடியில் ஊசித் துவாரம், குழாய், கல். குழாய் சுருங்கிப்போகலாம், கல் திரும்ப வரலாம் என்பதையும் சொன்னார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போக நாக்குக்கு அடியில் ஊசி போட்டார்கள். கம்பி மாதிரி ஒன்றை விட்டுத் துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார்கள். தண்ணீர் உள்ளே போகிற மாதிரி இருந்தது. தாடை கனத்தது. பக்கத்தில் டிவி. "பாருங்கய்யா, உங்க வாய்தான்," என்றார் டாக்டரம்மா. சிவப்பாக ஒரு சந்து. அதன் கோடியில் மஞ்சளாக ஒரு மொக்கு. ஒரு சின்னக் கம்பிக் கூடை வந்து விரிந்தது. கல்லைச் சுற்றிக்கொண்டு மூடியது. மெதுவாக இழுத்தார். வாய்க்கு வெளியே வந்துவிட்டது. பஞ்சின் மேல் வைத்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

அரை மணி நேரம் இருக்கும். தையல் இல்லை. குழாய் தொங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

இடது பக்கத்துப் பழைய ஸ்கேன் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வந்திருக்குமுங்களா?"

"இது பெருசுங்கய்யா. லேசர்ல ஒடச்சு ஒடச்சு எடுக்கணும். இல்லைன்னா வாய்க்குள்ளயே சின்னதாக் கீறி எடுத்திருக்கலாம். கண்டிப்பா வந்திருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. சில பேருக்குக் கடைசியில சுரப்பிய எடுக்கத்தான் வேண்டி வரும். ஆனா மொதல்ல இத முயற்சி பண்ணியிருப்பேன்."

படத்தைத் திருப்பிக் கொடுத்தார். வந்திருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் மச்சானை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். வராது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். இரண்டுக்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். பெருந்துறை தாண்டும்போது போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள, வண்டி அடுத்த வாரம் கெளம்புது. ஓனருகிட்ட பேசிட்டேன். நீயே மறுக்கா லீவர்ல நில்லு. தட்டறதுக்குப் பதிலா ஆரன் வெச்சுக்கலாம். என்ன சொல்ற?"

"பாக்கலாமுங்க."

"என்ன பாக்கலாம்? எங்கிருக்கற இப்ப?"

"ஊட்லதானுங்க."

அப்போது பஸ் ஒரு லாரியை முந்தியது. டிரைவர் ஆரனை விடாமல் அழுத்தினார். அது அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

"ஊட்லயா?" என்றார் மச்சான்.

"ஆமாங்க. ஊட்ல."

"சேரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் வண்டி கிளம்பியபோது நான் போகவில்லை. எதற்கு வரவில்லை என்று கேட்டு அவரும் கூப்பிடவில்லை. இப்போது வேறொருவர் வண்டியில் டீசல் ஊற்றுகிறேன். அங்கே ஏதாவது கேட்டால் நானே பதில் சொல்கிறேன். அக்கா வாரம் ஒருமுறை போனில் கூப்பிடுவாள். "மச்சான் மேல உனக்கு என்னடா கோவம்?" என்பாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்பேன்.